தம்பி மாமனாரின் டாங்க்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ். ஜன்னலோர சீட்டில் நான், என் மடியில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. அதை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருக்கிறேன்.

“கேக்காம்மா? மேல வெச்சிடலாமே... நிக்கிறவங்க இடிக்கிறாங்க பாருங்க” என்றார் கண்டக்டர்.

“கேக் இல்லைங்க.”

“பின்ன?”

என்னவென்று சொல்வேன்? எழுபத்தோராம் வருஷத்து யுத்தம் என்றா? ஒரு டாங்க், ஒரு லாரி, ஒன்றரை அடி நீளத்துக்குச் சேறு என்றா? “உடையிற சாமான்” என்று மட்டும் சொன்னேன். அவர் நம்பாமல் ஒரு பார்வை பார்த்துவிட்டு டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார்.

உடைந்துவிடும் என்று எனக்குப் பயமில்லை. பசை நன்றாகத்தான் பிடித்திருந்தது. என் பயம் வேறு. மண்டபத்தில் அந்தப் பெட்டியைத் திறக்கும்போது, எண்பது வயது மனிதர் ஒருவர் அத்தனை சொந்தபந்தம் நடுவில் தலைகுனிந்து நிற்க வேண்டி வருமோ என்கிற பயம். அப்படி வந்தால் அதற்கு முழுக் காரணம் நான்தான்.

இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வயது ஐம்பத்து மூன்று. மஞ்சக்குப்பத்தில் வீடு, கல்லூரி நூலகத்தில் வேலை. மிச்ச நேரத்தில் பட்டாளத்து வண்டிகளின் மாடல் செய்கிறேன். நிஜ வண்டியில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவு. பிளாஸ்டிக் துண்டுகளாக டப்பாவில் வரும். வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்து, மண்ணும் மரமும் மனிதர்களுமாக ஒரு பலகையில் காட்சியாக அமைத்தால் அதற்குப் பெயர் டயோரமா. “ஒரு பொம்பளைக்கு எதுக்கு டாங்க்?” என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. ஆம்பளைக்கு மட்டும் எதுக்காம் என்று நான் திருப்பிக் கேட்காமல் விட்டதும் இல்லை.

ஐந்து வாரத்துக்கு முன்னால் முதுநகரிலிருந்து என் தம்பி சேகர் வந்தான். கையில் ஒரு பழைய கறுப்பு வெள்ளை போட்டோ. ஒரு டாங்க், அதன் பக்கத்தில் இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பட்டாளத்துக்காரர் ஒருவர். பல் தெரியச் சிரிக்கிறார். தம்பியின் மாமனார். கலியபெருமாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“அக்கா, மாமாவுக்கு எண்பதாம் கல்யாணம் வருது. சிதம்பரத்துல மண்டபம் புடிச்சாச்சு. மாமா ஓட்டுன இந்த டாங்க அப்படியே செஞ்சு குடு. வாசல்ல சந்தனம், கல்கண்டு வெக்கிற டேபிள்லயே வெச்சிடலாம். அவருக்குத் தெரியக் கூடாது. சர்ப்ரைஸ்!”

தம்பிக்கு ஒரு சகலை உண்டு. அவர் பத்தடி ஃப்ளெக்ஸுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டாராம். ‘யுத்த களத்தின் டாங்க் சிங்கமே!’ மூத்த மருமகன் சிங்கம் என்று ஃப்ளெக்ஸ் வைத்தால் இளைய மருமகன் டாங்க்கையாவது வைக்க வேண்டாமா? எனக்குப் புரிந்தது. சம்மதித்தேன்.

இங்கேதான் என் முதல் தப்பு. போட்டோவை ஒழுங்காகப் பார்க்கவில்லை. அந்தப் போரில் நம் ராணுவம் வைத்திருந்த டி-55 டாங்க் மேல் எனக்குப் பல வருஷத்து ஆசை. வாங்க ஒரு சாக்கு கிடைக்காமல் காத்திருந்தேன். சாக்கு வீடு தேடி வந்ததும் அன்றைக்கே ஆர்டர் போட்டுவிட்டேன். டப்பா வந்து, அதைப் பிரித்து, மேசையில் துண்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, அப்புறம்தான் பூதக்கண்ணாடியை எடுத்துப் போட்டோவை உற்றுப் பார்த்தேன்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் எண்ணினேன்.

டி-55-க்கு ஒரு பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரம். போட்டோவிலும் ஐந்துதான். ஆனால் போட்டோவில் பெரிய சக்கரங்களுக்கு மேலே, சங்கிலியைத் தாங்கிக்கொண்டு சின்னச் சின்ன உருளைகள் தெரிகின்றன. டி-55-க்கு அவை கிடையாது. கிழக்கே பங்களாதேஷ் பக்கம் போன நம்முடைய இன்னொரு வகை டாங்க்குக்கும் கிடையாது. அந்தப் பக்கத்தில் அப்படி உருளை வைத்த சின்ன டாங்க் யாரிடம் இருந்தது என்று என்னைப் போன்ற பைத்தியங்களுக்குத் தெரியும். எதிரியிடம்.

போட்டோவின் பின்பக்கம் பென்சிலில் ‘கிழக்கு’ என்று எழுதியிருக்கிறது. ஆக, மாமா ஓட்டிய டாங்க் மாமாவுடையது அல்ல.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “சக்கரத்த எண்ணாம இருந்தா உனக்குச் சோறு எறங்காதா?” என்றார். இறங்காதுதான். என்ன செய்வது?

தம்பிக்கு போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

“அப்ப மாமா பொய் சொன்னாரா?”

“டாங்க் ஓட்டுனன்னு அவரு உன்கிட்ட சொல்லியிருக்காரா?”

“அவரு சொல்லி நான் கேட்டதில்ல... ஆனா எல்லாருக்கும் தெரியுமேக்கா!”

யாருக்கும் அவர் சொன்னதில்லை. எல்லாருக்கும் தெரியும். நம் குடும்பங்களில் பாதி வரலாறு இப்படித்தான் உருவாகியிருக்கிறது, இல்லையா?

“ஃப்ளெக்ஸ் அடிச்சாச்சு. யாருகிட்டயும் மூச்சு விட்டுடாத” என்று கெஞ்சினான் தம்பி. அதோடு நிறுத்தியிருக்கலாம். “மாமாவோட பட்டாளத்து சிநேகிதங்க நாலு பேரு வேற வர்றாங்க... நீ என்னாத்த வெச்சாலும் பாத்ததுமே கண்டுபுடிச்சிடுவாங்க” என்றும் சொல்லித் தொலைத்தான்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. டி-55-ஐ வைத்தால் பட்டாளத்துக்காரர்கள் சிரிப்பார்கள். எதிரி டாங்க்கை வைத்தால் இன்னும் மோசம். ஒன்றும் வைக்காமல் விட்டால் சம்பந்தி வீட்டில் தம்பிக்கு மரியாதை போகும். நூலகத்தில் புத்தகத்துக்கு முத்திரை குத்த வேண்டிய இடத்தில் என் கட்டைவிரலில் குத்திக்கொண்டேன். ‘இந்த மனுஷன் அம்பது வருஷமா ஊரை ஏமாத்தியிருக்காரா?’ என்று ஒரு கோபம். ‘பெரிய துப்பறியும் புலி... உனக்கெதுக்கு இந்த வேலை?’ என்று என் மேலேயே இன்னொரு கோபம். இரண்டும் மாறி மாறி வந்தன.

ஒரு வாரம் தாங்கினேன். அப்புறம் சிதம்பரத்துக்கு பஸ் ஏறிவிட்டேன். அத்தைக்கு, அதாவது கலியபெருமாள் மாமாவின் மனைவிக்கு, விழாவுக்காகப் பட்டு ரவிக்கை தைக்க அளவு வாங்க வந்ததாக ஒரு சாக்கு.

வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. அத்தை கடைத்தெருவுக்குப் போயிருந்தார். மாமா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டிருந்தார். கழற்றிய திருகாணிகளை ஒரு டம்ளர் தட்டில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். அளவு ரவிக்கை என்றதும் எழுந்து போய் பீரோவைத் துழாவி, இரண்டு எடுத்து வந்தார். “எது சரியா இருக்கும்னு தெரியிலம்மா. ரெண்டையும் எடுத்துக்கினு போ” என்று சொல்லிவிட்டு மறுபடி ஃபேன் முன்னால் உட்கார்ந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

போயிருக்கலாம். ஆனால் வாய் நிற்கவில்லை.

“மாமா... பட்டாளத்துல நீங்க என்னா வண்டி ஓட்டுனீங்க?”

“லாரி” என்றார்.

அவ்வளவுதான்! ஒரு நொடி யோசனை கிடையாது, மறைக்கிற முகம் கிடையாது. ஸ்க்ரூ டிரைவர் கூட நிற்கவில்லை. நான்தான் உறைந்து போனேன்.

“ரெக்கவரி லாரிம்மா. பின்னால கிரேன் வெச்சிருக்கும். நம்ம வண்டி சேத்துல மாட்னா, கவுந்தா, ரிப்பேர் ஆனா, நாங்க போயி இழுத்தாறணும். ஏன் கேக்குற? இத்தினி வருஷத்துல யாரும் கேட்டதில்ல.”

என் போனில் இருந்த போட்டோவைக் காட்டினேன். தம்பி வீட்டில் பார்த்ததாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“இது அவுங்க டாங்க்கு. வாய்க்கால்ல தலகுப்புற கெடந்துச்சு. ரோட்ட அடைச்சிக்கிட்டு. ரெண்டு லாரில வடம் கட்டி இழுத்து நாங்கதான் நிமித்துனோம். எங்க ஹவில்தாரு கேமரா வெச்சிருந்தாரு. லாரி மேல ஏறி நின்னுக்கிட்டு எடுத்தாரு. தோ பாரு, என் காலுகிட்ட... நெழலு தெரியுதா? அதான் நம்ம கிரேனு.”

பார்த்தேன். தரையில் நீளமாக ஒரு நிழல். மரக்கிளை என்று நினைத்து ஒதுக்கியிருந்தேன். பூதக்கண்ணாடியை வைத்துச் சக்கரத்தையும் உருளையையும் எண்ணியவளுக்கு, அவர் ஓட்டிய வண்டி அவர் காலடியிலேயே விழுந்து கிடந்தது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. கூடவே பெரிய நிம்மதி. பொய்யும் இல்லை, ஏமாற்றும் இல்லை. இதை எல்லாரிடமும் சொல்லிவிடலாமே!

“ஏன் மாமா இத முன்னாடியே சொல்லல? இதுவும் பெரிய வேலதான?”

இப்போது ஸ்க்ரூ டிரைவர் நின்றது.

“போட்டோ எடுத்தப்புறந்தாம்மா அந்த டாங்க்கோட மேல்மூடியத் தொறந்தோம்” என்றார்.

அவரே சொன்னார்.

“உள்ள ரெண்டு பேரு. பசங்க. என்னவிட சின்னப் பசங்க. கவுந்த எடத்துலயே... நானும் இன்னொருத்தனுந்தான் எறக்குனோம். அங்கயே ஓரமா பொதைச்சோம்.” கொஞ்ச நேரம் ஃபேன் இறக்கையைத் துணியால் துடைத்தார். “அவுங்க உள்ள இருக்கிறப்பதான் நான் வெளிய நின்னு சிரிச்சிக்கிட்டு இருக்கன். தெரியாது. தெரிஞ்சா யாரு சிரிப்பா?”

ஹவில்தார் அந்தப் போட்டோவை நேராக வீட்டு விலாசத்துக்கு அனுப்பிவிட்டாராம். மாமா லீவில் வருவதற்குள் வீட்டில் ஃபிரேம் போட்டு மாட்டி, ஊரெல்லாம் ‘டாங்க் கலியபெருமாள்’ ஆகிவிட்டது.

“நானும் உட்டுட்டன். டாங்க்குன்னா அதோட நிறுத்திக்குவாங்க. லாரின்னா, லாரில என்னா பண்ணுனன்னு கேப்பாங்க. இழுத்தன்னு சொன்னா, எத இழுத்தன்னு கேப்பாங்க. எங்க போயி நிறுத்துறது?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த மனுஷனைத்தான் ஒரு வாரமாக மனதுக்குள் ஏமாற்றுக்காரர் என்று திட்டிக்கொண்டிருந்தேன். இனி எதற்கு சர்ப்ரைஸ்? எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டயோரமா, டி-55, ஃப்ளெக்ஸ், சிங்கம்...

“அதான் சேகரு கொஞ்ச நாளா என்னப் பாத்தா சிரிச்சிக்கிட்டே போவுறானா?” என்றார்.

“எத வெக்கட்டும் மாமா? ஒண்ணுமே வாணாம்னாலும் சரி. வேல முடியலன்னு சொல்லிடுறேன்.”

ஃபேன் இறக்கையைக் கீழே வைத்தார்.

“லாரிய வை. டாங்க்கும் இருக்கட்டும். அது இல்லன்னா லாரிக்கு அங்க என்னா வேல? எண்பது வயசாவுது, ஓட்டாத வண்டிக்கு எத்தினி நாளு மால வாங்கிக்கிறது?”

“கேப்பாங்களே...”

“கேட்டா, இழுத்தன்னு சொல்றன். அதுக்கு மேல சொல்ல மாட்டன்.”

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“அந்த மூடிய மட்டும் தொறந்து வெச்சிடாதம்மா.”

மாடல் செய்கிறவர்களுக்கு டாங்க் மூடியைத் திறந்து வைப்பதில் ஒரு தனி சந்தோஷம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள் இல்லையா, அதற்காக. நான் இதுவரை செய்த பதினோரு டாங்க்கிலும் மூடி திறந்துதான் இருக்கிறது. “இல்ல மாமா” என்றேன்.

அதற்கப்புறம் இரண்டு வாரம் நான் பட்ட பாடு. புதுச்சேரியில் இதே பைத்தியம் பிடித்த ஒரு டீச்சர் இருக்கிறார். என் அருமை டி-55-ஐ அவரிடம் கொடுத்து, அவர் அலமாரியில் தூங்கிய எதிரி டாங்க்கை வாங்கி வந்தேன். லாரிக்கு என்னிடம் பிரிக்காத ஒரு மூன்று டன் லாரியின் மாடல் டப்பா இருந்தது. கிரேன் வைத்த லாரி எங்கேயும் கிடைக்கவில்லை. பழைய குடைக்கம்பியை வெட்டி கிரேன் செய்தேன். ஊக்கை வளைத்துக் கொக்கி, தூண்டில் நரம்பை முறுக்கி வடம். கெடிலம் ஆற்றுக்கரை மண்ணைச் சலித்துப் பசையில் குழைத்தால் அசல் வாய்க்கால் சேறு. தம்பிக்கு போனில் “லாரியும் இருக்கும். ஏன்னு கேக்காத” என்று மட்டும் சொன்னேன்.

கை வேலை செய்ததே தவிர மனசு அதுபாட்டுக்கு மண்டபத்தில் நின்றுகொண்டிருந்தது. யாராவது கேட்பார்கள். ஒருத்தர் கேட்டால் பத்துப் பேர் கேட்பார்கள். எதை இழுத்தீங்க? உள்ள யாரு இருந்தா? மாலையும் கழுத்துமாக அந்த மனுஷன் என்ன செய்வார்? அவர் வை என்றார் என்பதற்காக நான் வைக்கலாமா? மூன்று முறை லாரியைப் பலகையிலிருந்து எடுத்தேன். மூன்று முறை திரும்ப வைத்தேன். நாலாவது முறை பசை போட்டுவிட்டேன்.

இப்படித்தான் போன ஞாயிறு பெட்டியோடு மண்டபத்துக்குள் நுழைந்தேன். வாசலில் பத்தடி உயரத்துக்குச் சிங்கம். வரவேற்பு மேசையில் பெட்டியைத் திறந்து வைத்தேன். கூட்டம் கூடியது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? மூத்த மருமகன்தான்.

“என்னாங்க இது? டாங்க் ஓட்டுனவருக்கு எதுக்கு லாரி?” என்று மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். பட்டு வேட்டியும் மாலையுமாக மாமா மெதுவாக மேசைக்கு வந்தார்.

“லாரிதான் நான் ஓட்டுனது” என்றார்.

“அப்ப இந்த டாங்க்?”

“அது அவுங்களுது. இழுத்தோம்.”

மூத்த மருமகன் வாயைப் பிளந்தார்... பிறகு கத்தினார். “எதிரி டாங்க்கையே கட்டி இழுத்துக்கிட்டு வந்தாராம்யா நம்ம மாமா!”

ஒரே கைதட்டல். நாதஸ்வரக்காரர் என்னவென்று தெரியாமலே ஒரு தூக்குத் தூக்கினார். பந்தி ஆரம்பிப்பதற்குள் அது ‘தனி ஆளா இழுத்துக்கிட்டு வந்தாரு’ ஆனது. சாம்பார் வாளி என் இலைக்கு வருவதற்குள், ஓடுகிற டாங்க்கைப் பின்னாலிருந்து கொக்கி போட்டுப் பிடித்ததாக ஆகிவிட்டது. நான் இத்தனை நாள் எதற்குப் பயந்தேன்? நாம் கேள்வி கேட்கிற ஜனமா? பதில் பாதியில் இருக்கும்போதே கைதட்டிவிடுகிற ஜனம். பட்டாளத்து நண்பர்கள் நாலு பேரும் மட்டும் கைதட்டவில்லை. லாரியைப் பார்த்தார்கள், டாங்க்கைப் பார்த்தார்கள், மாமாவின் தோளில் ஆளுக்கொரு தட்டுத் தட்டிவிட்டுக் கல்கண்டு எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

இதையெல்லாம் எழுதலாமா என்று மாமாவிடமே கேட்டேன். “பேர மாத்திட்டு எழுது. கேக்குறவங்க படிக்க மாட்டாங்க, படிக்கிறவங்க கேக்க மாட்டாங்க” என்றார். உங்களையும் அந்த இரண்டாவது ரகத்தில் நம்பித்தான் எழுதியிருக்கிறேன். யாரென்று கண்டுபிடித்தாலும் அவரிடம் போய்க் கேட்காதீர்கள்.

மூன்றாம் பந்திக்கு இலை போட்டபோது மண்டப வாசலில் யாரும் இல்லை. நான் கை கழுவிவிட்டு வந்தால், மேசை முன்னால் மாமா மட்டும் குனிந்து நின்றுகொண்டிருக்கிறார். மாலையை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் விரல் நகத்தால் டாங்க்கின் மேல்மூடியை மெல்ல நெம்பிப் பார்த்தார். அது அசையவில்லை.

“நல்லா ஒட்டிட்டியா?”

“ஒட்டிட்டேன் மாமா. இனிமே உடைச்சாத்தான்.”

அதற்குப் பிறகுதான் மனுஷன் சாப்பிட உட்கார்ந்தார்.